சயின்ஸ் என்ற சொல் வந்த வழி

பொலிட்டிக்கல் சயின்ஸ் எடுத்துப் படிக்கும் பையனிடம், ஹோம் சயின்ஸ் எடுத்திருக்கும் பெண்ணிடம், கல்யாண வீட்டிலோ காதுகுத்திலோ யாராவது ஒருவர் தவறாமல் கேட்டுவிடுகிறார்: “பேர்லதான் சயின்ஸ் இருக்கு, இதெல்லாம் சயின்ஸா?” பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி இவைதான் சயின்ஸ், மற்றதெல்லாம் அந்தப் பெயரை இரவல் வாங்கி ஒட்டிக்கொண்டவை என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஊறிக் கிடக்கிறது. நடந்தது நேர்மாறு. அந்தச் சொல் முதலில் எல்லா அறிவுக்கும் பொதுவாக இருந்தது. பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டு முழுதாக இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை.

இதைப் புரிந்துகொள்ள லத்தீன் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வினைச்சொல் போதும்.

ஸ்கியோ

லத்தீனில் ‘ஸ்கிரே’ என்றால் அறிதல், தெரிந்திருத்தல். ‘ஸ்கியோ’ என்றால் ‘அறிவேன்’. தமிழில் ‘அறிவேன்’ என்று சொன்னால் ‘நான்’ என்று தனியே சொல்லத் தேவையில்லை. ஈற்றிலுள்ள ‘ஏன்’ விகுதியே சொல்லிவிடும். லத்தீனிலும் அப்படித்தான். ‘ஸ்கியோ’வின் கடைசி ‘ஓ’தான் அங்கே ‘நான்’. ‘அறிகிற’ என்று பெயரெச்சமாகச் சொல்ல ‘ஸ்கியென்ஸ்’. அது வேற்றுமை ஏற்கும்போது ‘ஸ்கியென்ட்’ என்று மாறும். அதோடு பண்புப்பெயரை உண்டாக்கும் ‘இயா’ விகுதியைச் சேர்த்தால் ‘ஸ்கியென்டியா’ வந்துவிடும்.

அறி, அறிகிற, அறிவு. இந்த மூன்று படிதான். மூன்றாவது படியில் இருக்கும் ‘ஸ்கியென்டியா’ பிரெஞ்சுக்குப் போய் வால் தேய்ந்து, ஆங்கிலத்துக்கு வந்து சயின்ஸ் ஆனது. சோதனைக் குழாயோ நுண்ணோக்கியோ அந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை. அறிவு, அவ்வளவுதான் அதன் பொருள்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை எழுதும்போது எஸ்-க்குப் பக்கத்தில் ஒரு சி வரும். அது ஒலிப்பதே இல்லை. பிள்ளைகள் அதை விட்டுவிட்டு எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அந்த சி வீணாக அங்கே நிற்கவில்லை. சீசர் காலத்து ரோமர்கள் சி எழுத்தை எங்கே வந்தாலும் ‘க்’ என்றே ஒலித்தார்கள். சீசர் என்ற பெயரையே அவர்கள் ‘காய்ஸர்’ என்றுதான் சொன்னார்கள். ஜெர்மன் பேரரசர்களின் ‘கைசர்’ பட்டம் அந்தப் பழைய ஒலியை இன்னும் வைத்திருக்கிறது. சில நூற்றாண்டுகள் கழித்து ‘இ’, ‘எ’ ஒலிகளுக்கு முன்னால் வரும் ‘க்’ மெல்ல மெல்ல இளகியது. பிரெஞ்சில் அது ‘ஸ்’ ஆகவே, முன்னால் இருந்த எஸ்-உடன் கலந்து ஒரே ஒலியாகிவிட்டது. வாய் விட்டுவிட்டதை எழுத்து விடவில்லை. ரோமர்களின் ‘க்’ இருந்த இடம் அதுதான் என்று சொல்லிக்கொடுத்தால் அந்த ஸ்பெல்லிங்கைப் பிள்ளைகள் அவ்வளவு எளிதில் மறக்க மாட்டார்கள்.

பிளந்து பார்ப்பது

இந்த ‘ஸ்கிரே’ எங்கிருந்து வந்தது? லத்தீனுக்கும் முந்தைய இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘வெட்டு, பிள’ என்ற பொருளுடைய வேர் ஒன்று இருந்தது என்றும், ‘ஸ்கிரே’ அதிலிருந்து கிளைத்தது என்றும் மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். கிரேக்கத்தில் ‘ஸ்கிட்ஸெய்ன்’ என்றால் பிளத்தல். ஸ்கிட்ஸோஃப்ரீனியா என்ற நோய்ப் பெயரின் முற்பாதி அதுதான். சமஸ்கிருதத்தில் ‘சித்’ என்றால் வெட்டு. அதிலிருந்து வந்த ‘சேத’ என்ற சொல் தமிழில் ‘சேதம்’ ஆகி, வெள்ளச் சேதம், பயிர்ச் சேதம் என்று நாளிதழில் தினமும் வருகிறது. அந்த வேர்க் கணக்கு சரியென்றால், பயிர்ச் சேதமும் சயின்ஸும் ரொம்ப தூரத்துச் சொந்தக்காரர்கள்.

வெட்டுவதற்கும் அறிவதற்கும் என்ன தொடர்பு? நாற்று நட்ட வயலில் களை எடுப்பவரைப் பாருங்கள். நெற்பயிருக்கு நடுவில் குதிரைவாலிப் புல் முளைத்திருக்கும். இளம்பருவத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் புதிதாகப் பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே இருக்கும். தேர்ந்த கை இலை தண்டைத் தழுவும் இடத்தை விரலால் விலக்கிப் பார்க்கும். நெல்லில் அந்த மடிப்பில் வெள்ளையாக, மெல்லிய தாள்போல ஒரு சவ்வு இருக்கும். குதிரைவாலிப் புல்லில் அது இருக்காது, அந்த இடம் வழவழவென்று கிடக்கும். ஒன்றாகத் தெரிந்ததை இரண்டாகப் பிரித்துவிட்ட அந்த நொடியில் அவருக்கு நெல்லையும் தெரியும், களையையும் தெரியும். அறிவு என்பதே பிரித்துப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது என்று, அந்தப் பழைய வேரிலிருந்து அறிதலுக்குச் சொல் எடுத்தவர்கள் நினைத்திருக்கலாம்.

தமிழும் தன் வழியில் இதே இடத்துக்கு வந்திருக்கிறது: பகுத்தறிவு. பகுத்து, பிறகு அறிவது. இது லத்தீனிலிருந்தோ சமஸ்கிருதத்திலிருந்தோ பெற்ற கருத்து என்று எண்ண வேண்டாம். பகுத்தலும் அறிதலும் நம் சொந்த வேர்கள். தொடர்பே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றன.

இசையும் இறையியலும் சயின்ஸாக இருந்த காலம்

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், அறிவைக் குறிக்கும் ‘எபிஸ்டீமீ’ என்ற சொல்லுக்கு ஒரு கறாரான வரையறை வைத்திருந்தார். ஒன்று இப்படி இருக்கிறது என்று தெரிந்தால் போதாது. ஏன் அப்படித்தான் இருக்க முடியும் என்ற காரணமும் தெரிய வேண்டும். அவரை லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அந்தச் சொல்லுக்கு ‘ஸ்கியென்டியா’வைத்தான் பயன்படுத்தினார்கள். அதனால் இடைக்கால ஐரோப்பாவில் அந்தச் சொல்லுக்கு, வெறும் ‘தெரியும்’ என்பதைவிடக் கூடுதலான மதிப்பு வந்தது: காரணம் காட்டி, ஒழுங்காக, பிறருக்குக் கற்பிக்கும் வகையில் அமைந்த அறிவு.

அந்த அளவுகோலில் எது தேறினாலும் அது சயின்ஸ்தான். இலக்கணம், தருக்கம், சொற்பொழிவுக் கலை என்ற மூன்றும், எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்ற நான்கும் சேர்ந்த ஏழு பாடங்களைத்தான் அன்றைய மாணவன் முதலில் படித்தான். அவற்றை ஏழு கலைகள் என்றும் சொல்வார்கள், ஏழு சயின்ஸ் என்றும் சொல்வார்கள்; இரண்டு பெயருக்கும் இடையே இன்றிருக்கும் சுவர் அன்றைக்கு இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலே இறையியல் உட்கார்ந்திருந்தது. சயின்ஸ்களின் அரசி என்ற பட்டம் அதற்குத்தான். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தன் பெரிய இறையியல் நூலின் தொடக்கத்திலேயே, இறைக்கல்வி ஒரு ஸ்கியென்டியாவா என்று கேட்டு, ஆம் என்று நிறுவப் பாடுபடுகிறார். கல்யாண வீட்டுக் கேள்வியேதான், ஆனால் அவர் அதைக் கேட்டது கேலி செய்வதற்கு அல்ல.

14ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்துகளில் சயின்ஸ் தென்படத் தொடங்கியபோது இந்தப் பரந்த பொருளோடுதான் வந்தது. பின்னர் அது இன்னும் விரிந்து, பழகிப் பெறும் எந்தத் தேர்ச்சிக்கும் ஆகிவந்தது. 16ஆம் நூற்றாண்டு லண்டனில் வாள்வீச்சு ஆசான்கள் தங்கள் தொழிலைத் ‘தற்காப்பு எனும் மேன்மையான சயின்ஸ்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஆங்கிலத் தத்துவவாதி ஃபிரான்சிஸ் பேக்கனைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அறிவே ஆற்றல்’ என்று நம் பள்ளிச் சுவர்களில் எழுதியிருக்கிறதே, அது அவர் 1597இல் வெளியிட்ட ஒரு சிறு லத்தீன் நூலில் இருக்கும் தொடர்: ‘இப்ஸா ஸ்கியென்டியா போடெஸ்டாஸ் எஸ்ட்’. ஆய்வகத்தையும் கண்டுபிடிப்பையும் மனத்தில் வைத்து எழுதிய வரி என்றே பலரும் அதை நினைக்கிறார்கள். அந்த நூல் சமயத் தியானங்களின் தொகுப்பு. அந்த இடத்தில் பேச்சு கடவுளின் அறிவையும் ஆற்றலையும் பற்றியது. அங்கே வரும் ‘ஸ்கியென்டியா’வை இன்றைய சயின்ஸ் என்று படித்துவிட்டால் பேக்கன் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைத்ததாகிவிடும். பழைய நூல்களைப் படிக்கும்போது இந்த ஒரு சொல்லிடம் எப்போதும் கவனமாக இருக்க வேண்டும்.

நியூட்டன் என்ன படித்தார்?

சரி, அந்தக் காலத்தில் இன்றைய பிசிக்ஸுக்கு என்ன பெயர்? இயற்கைத் தத்துவம். 1687இல் நியூட்டன் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘இயற்கைத் தத்துவத்தின் கணிதக் கோட்பாடுகள்’ என்றுதான் இருக்கிறது. லண்டன் ராயல் சொசைட்டி 1665இல் தொடங்கிய ஆய்விதழின் பெயரில் இன்றைக்கும் இருப்பது தத்துவம்தான். சயின்ஸ் என்ற சொல் அதில் இல்லை. வெப்பநிலை அலகுக்குத் தன் பெயரைத் தந்த கெல்வின் 1846 முதல் 1899 வரை கிளாஸ்கோவில் வகித்த பதவி இயற்கைத் தத்துவப் பேராசிரியர். கெமிஸ்ட்ரியில் ஆய்வு செய்தவருக்கும் நாம் கொடுக்கும் பி.எச்டி. பட்டத்தை விரித்துப் பார்த்தால் அதிலும் தத்துவம்தான் வரும்.

இந்த நிலை 19ஆம் நூற்றாண்டில் மாறியது. கெமிஸ்ட்ரி, ஜியாலஜி, தாவரவியல் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கிளையாகப் பிரிந்து வளர்ந்தன. அவற்றில் ஈடுபட்டவர்கள் எல்லாரையும் சேர்த்துக் கூப்பிட ஒரு பெயர் இல்லை. 1833 ஜூனில் பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அமைப்பு கேம்பிரிட்ஜில் கூடியபோது இந்தச் சிக்கல் மேடைக்கே வந்தது. கவிஞர் கோல்ரிட்ஜ் அங்கே இருந்தார், அவருக்கு வயது அறுபது. பூமியைத் தோண்டுபவர்களும் மின்கலத்தோடு மல்லுக்கட்டுபவர்களும் தங்களைத் தத்துவவாதி என்று அழைத்துக்கொள்வதை அவர் ஏற்கவில்லை. அப்படியானால் வேறு என்ன பெயர்? கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் ஒன்றைச் சொல்லிப் பார்த்தார்: ஆர்ட்டிலிருந்து ஆர்ட்டிஸ்ட் வருவதுபோல, சயின்டிஸ்ட்.

அன்றைக்குக் கூட்டத்தில் அது எடுபடவில்லை. மறு ஆண்டு, 1834இல், மேரி சாமர்வில் எழுதிய அறிவியல் நூலுக்கு ஹியூவெல் பெயர் போடாமல் ஒரு மதிப்புரை எழுதினார். அதில் இந்தச் சம்பவத்தைச் சொல்லி, ‘புத்திக்கூர்மையுள்ள ஒருவர்’ முன்வைத்த யோசனை என்று தன்னையே மறைமுகமாகக் குறிப்பிட்டார். சயின்டிஸ்ட் என்ற சொல் அச்சில் வந்தது அங்கேதான். சாமர்வில் பெண் என்பதால், ‘மேன் ஆஃப் சயின்ஸ்’ என்று ஆண்பாலில் இருந்த பழைய பெயர் அவருக்குப் பொருந்தாமல் புதுச்சொல் உண்டாக்கப்பட்டது என்று ஒரு கதை பரவியிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மதிப்புரையில் ஹியூவெல் சொல்லும் காரணம், நான் மேலே சொன்னதுதான்: கிளைகள் சிதறிப் போகின்றன, எல்லாரையும் சேர்த்துக் கூப்பிட ஒரு பெயர் இல்லை.

சொல் பிறந்ததே தவிர அது வேரூன்ற நெடுங்காலம் பிடித்தது. லத்தீன் அடியில் கிரேக்க விகுதியை ஒட்டிய கலப்புச் சொல் என்று பலர் முகம் சுளித்தார்கள். மின்முனைகளுக்கு ஆனோடு, கேத்தோடு என்ற பெயர்களை ஹியூவெலிடமிருந்து மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்ட மைக்கேல் ஃபாரடேகூடத் தன்னைத் தத்துவவாதி என்று சொல்லிக்கொள்ளவே விரும்பினார். டார்வினுக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி 1890களில், மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதைக் குறிக்கும் எலக்ட்ரோக்யூஷன் எவ்வளவு இனிமையான சொல்லோ அவ்வளவு இனிமை சயின்டிஸ்டிலும் இருக்கிறது என்று எழுதினார். அதுவும் அப்போது புதிதாக ஒட்டுப்போட்டுச் செய்த சொல். 1924இல் ‘நேச்சர்’ இதழில் இந்தச் சொல்லை ஏற்கலாமா என்று விவாதம் நடந்தது. ஆசிரியர் ரிச்சர்ட் கிரிகரி பலரிடம் கருத்துக் கேட்டுவிட்டு, கட்டுரையாளர்கள் விரும்பினால் எழுதட்டும், இதழ் தன் சொந்த எழுத்தில் பயன்படுத்தாது என்று முடிவெடுத்தார். ஐன்ஸ்டைன் நோபல் பரிசு பெற்ற பிறகு நடந்த விவாதம் இது!

சயின்டிஸ்ட் பரவப் பரவ, சயின்ஸும் அவர் செய்யும் வேலையின் அளவுக்குச் சுருங்கியது. ஆனால் இந்தச் சுருக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஜெர்மனில் சயின்ஸுக்கு நிகரான ‘விஸென்ஷாஃப்ட்’ என்ற சொல் இலக்கிய ஆய்வையும் வரலாற்றையும் சங்கடமில்லாமல் தன்னுள் வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் உளவியலையும் வரலாற்றையும் ‘மனித சயின்ஸ்’ என்று அழைக்கிறார்கள். ஆங்கிலத்திலேயே பழைய பரப்பின் மிச்சம் பொலிட்டிக்கல் சயின்ஸ், ஹோம் சயின்ஸ், லைப்ரரி சயின்ஸ் என்ற பெயர்களில் தங்கியிருக்கிறது. அரசியலைக் காரண காரியத்தோடு ஒழுங்காகப் படிப்பதை அக்வினாஸிடம் காட்டியிருந்தால் அது ஸ்கியென்டியா என்று தயங்காமல் சொல்லியிருப்பார். ஹோம் சயின்ஸ் படிக்கும் பெண் அந்தப் பெயரை யாரிடமும் இரவல் வாங்கவில்லை.

கூட அறிபவர்

‘ஸ்கிரே’யின் மற்றப் பிள்ளைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கான்ஷியன்ஸ். லத்தீனில் ‘கான்’ என்றால் ‘கூட, சேர்ந்து’. ‘கான்ஸ்கியென்டியா’ என்றால் இன்னொருவரோடு சேர்ந்து அறிந்திருப்பது. ஒரு ரகசியம் இரண்டு பேருக்குத் தெரியும் என்றால் ஒருவர் மற்றவருக்குக் ‘கான்ஸ்கியுஸ்’. குற்றம் நடந்ததை அறிந்து உடன்பட்டிருந்தவரையும் ரோமர்கள் இந்தச் சொல்லால்தான் சுட்டினார்கள். அதாவது உடந்தை.

இனி அடுத்த படி. ஒருவர் செய்த காரியம் வேறு யாருக்குமே தெரியாது. அப்போது அதைக் கூட இருந்து அறிந்தவர் யார்? அவரேதான். செய்பவரும் பார்ப்பவருமாக ஒரே ஆள் இரண்டாகிறார். இங்கிருந்துதான் ‘கான்ஸ்கியென்டியா’ மனசாட்சி என்ற பொருளுக்கு நகர்ந்தது. முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்த குவின்டிலியன், அன்றைக்கு மக்கள் வாயில் புழங்கிய பழமொழியாக ஒன்றைத் தருகிறார்: ‘கான்ஸ்கியென்டியா மில்லே டெஸ்டேஸ்’, மனசாட்சி ஆயிரம் சாட்சிக்குச் சமம். தமிழில் நாம் சொல்லும் சொல்லிலேயே சாட்சி இருப்பதால் இந்தப் பழமொழி நமக்கு விளக்கமே இல்லாமல் புரிகிறது.

இந்தச் சொல் வந்து சேர்வதற்கு முன் ஆங்கிலத்துக்குச் சொந்தமாக ஒன்று இருந்தது: ‘இன்விட்’, உள்ளறிவு. 1340இல் கான்டர்பரி துறவி ஒருவர் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த அறநூலுக்கு ‘அயன்பைட் ஆஃப் இன்விட்’ என்று பெயர் வைத்தார். பைட் என்றால் கடி. உள்ளறிவு திரும்பத் திரும்பக் கடிப்பது. குற்றவுணர்வு என்ற பொருளில் இன்று ஆங்கிலத்தில் வழங்கும் ரிமோர்ஸ் என்ற சொல்லும் ‘மீண்டும் கடித்தல்’ என்ற லத்தீனிலிருந்து வந்ததுதான். அந்தத் துறவி அதன் ஒவ்வொரு துண்டையும் தன் மொழியில் பெயர்த்திருக்கிறார். அழகான முயற்சி. ஆனாலும் கான்ஷியன்ஸ் வென்றது, இன்விட் மறைந்தது.

இதே அடியிலிருந்து ஆங்கிலம் கான்ஷியஸ், கான்ஷியஸ்னஸ் என்று இன்னொரு கிளையையும் விட்டது. அறநெறிச் சாயல் இல்லாமல், வெறுமனே உணர்வோடு இருத்தல், பிரக்ஞை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் இந்தச் சொல்லைத் தன் தத்துவத்தின் நடுவில் வைத்தார்: தன் மனத்துக்குள் நடப்பதை ஒருவர் தானே உணர்வதுதான் அது என்றார். 1700இல் பியர் கோஸ்த் அவருடைய நூலைப் பிரெஞ்சில் பெயர்த்தபோது திண்டாடிப்போனார். பிரெஞ்சில் மனசாட்சிக்கும் பிரக்ஞைக்கும் ஒரே சொல்தான். வேறு வழியில்லாமல் அவர் அதை இரண்டாக உடைத்து, நடுவில் ஒரு சிறு கோடு போட்டு, ‘கோன்-ஸியான்ஸ்’ என்று எழுதினார். அந்தக் கோட்டைப் பார்க்கும் வாசகர், இங்கே பேச்சு மனசாட்சியைப் பற்றியது இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

கான்ஷியன்ஸ் எழுதும்போது ஸ்பெல்லிங் தடுமாறுகிறவர்களுக்கு: முதலில் கான் எழுதுங்கள், பக்கத்தில் அப்படியே சயின்ஸ் எழுதுங்கள். முடிந்தது.

எதுவும் தெரியாத நைஸ்

இந்தக் குடும்பத்தில் யாரும் எதிர்பார்க்காத ஆள் நைஸ். ‘நே’ என்றால் இல்லை. ‘நே’யும் ‘ஸ்கிரே’யும் சேர்ந்து ‘நெஸ்கியுஸ்’, ஒன்றும் அறியாதவன். பழைய பிரெஞ்சில் இது தேய்ந்து ‘நீஸ்’ ஆகி, அசடு என்ற பொருளில் வழங்கியது. 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஒருவரை நைஸ் என்றால் முட்டாள் என்று அர்த்தம்.

அங்கிருந்து இன்றைய ‘நல்ல, இனிய’ வரை எப்படி வந்தது? ஒவ்வொரு அடியும் சின்னதுதான். ஒன்றும் தெரியாதவர் எதற்கும் தயங்குவார், கூச்சப்படுவார். கூச்சப்படுபவர் எதிலும் நுணுக்கம் பார்ப்பவராகத் தோன்றுவார். நுணுக்கம் பார்ப்பவர் நேர்த்தியானவர் ஆகிறார். 1500களில் நைஸ் என்றால் நுட்பமான, மிகத் துல்லியமான என்ற பொருள் வந்துவிட்டது. நேர்த்தியானது பிடித்தமானதாகி, 1769 வாக்கில் இனிமையான என்ற பொருளும், 1830 வாக்கில் அன்பான என்ற பொருளும் எழுத்தில் கிடைக்கின்றன. ஜேன் ஆஸ்டின் 1817 இறுதியில் வெளிவந்த தன் நாவலில், எதற்கெடுத்தாலும் நைஸ் என்று சொல்லும் கதாநாயகியைக் கதாநாயகன் ஹென்றி டில்னி சீண்டுவதாக ஒரு காட்சி வைத்திருக்கிறார். முதலில் நேர்த்தியையும் மென்மையையும் மட்டுமே குறித்த சொல் என்று அவன் வாதாடுகிறான். அதற்கும் முன்னால் அது முட்டாளைக் குறித்தது அவனுக்குத் தெரிந்திருந்தால் சீண்டல் இன்னும் நீண்டிருக்கும்.

நம் சமையலறையில் ‘சட்னியை நைஸாக அரை’ என்கிறோம். அதில் இருப்பது ‘நல்ல’ என்ற பொருள் இல்லை. மிக நுண்ணிய என்ற அந்த நடுப்படிப் பொருள். தமிழில் ஏற்கனவே ‘நைய அரைத்தல்’ என்று இருப்பதால் சொல் காதுக்கு அந்நியமாகப் படாமல் உட்கார்ந்துகொண்டது. ‘நைஸா நழுவிட்டான்’ என்பதில் இருக்கும் சாமர்த்தியம் நாம் சேர்த்தது.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆம்னிஷியன்ட் என்றால் எல்லாம் அறிந்த; ‘ஆம்னி’ எல்லாம். ப்ரெஷியன்ட் என்றால் முன்னறியும். ப்ளெபிசைட், அதாவது ஒரு கேள்வியின் மேல் மக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்பது, ‘ஸ்கிரே’யிலிருந்து வந்த ‘ஸ்கிஸ்கெரே’ என்ற சொல்லை வைத்து உண்டானது. விசாரித்து அறிந்து, பிறகு ஒப்புதல் தருவது என்று அதன் பொருள் நகர்ந்தது. ரோமில் பொதுமக்கள் அவை எடுத்த முடிவுக்கு அந்தப் பெயர். கி.மு. 287 முதல் அந்த முடிவு பிரபுக் குலத்தாரையும் கட்டுப்படுத்தும் என்று சட்டம் ஆனது. ஆங்கிலச் சட்டத்தில் ‘சயென்டர்’ என்று ஒன்று உண்டு. தெரிந்தே செய்தது என்று பொருள். வளர்ப்பு நாய் ஒருவரைக் கடித்துவிட்டது. அது கடிக்கும் குணமுள்ள நாய் என்பது உரிமையாளருக்கு முன்பே தெரியுமா என்ற கேள்வியில் வழக்கு நின்றது. தெரிந்திருந்தால் அவர் பொறுப்பு. இங்கிலாந்தில் 1971இல் வந்த சட்டம் அந்தப் பழைய விதியின் இடத்தைப் பிடித்தது என்றாலும், சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

உறவுபோல் தெரியும் வேறு குடும்பம்

தொடங்குபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். காக்னிஷன், ரெகக்னைஸ், இக்னோர், நோட்டீஸ் எல்லாமே அறிதலைப் பற்றியவைதான். ஆனால் இவை ‘ஸ்கிரே’ வழி வரவில்லை. லத்தீனில் ஒரு விஷயத்தைத் தெரிந்திருப்பதற்கு ‘ஸ்கிரே’. ஓர் ஆளையோ இடத்தையோ பழகித் தெரிந்துகொள்வதற்கு ‘க்னோஸ்கெரே’. நோபிள் என்ற சொல்கூட இந்த இரண்டாவது வேரிலிருந்துதான் வந்தது: பலரும் அறிந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். மூன்றாவதாக ‘ஸாபெரே’ இருக்கிறது. அதன் முதல் பொருள் சுவைத்தல், பிறகு விவேகம். 1758இல் லின்னேயஸ் மனித இனத்துக்கு வைத்த பெயரில் வரும் ‘சேபியன்ஸ்’ அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், லத்தீன் பெற்ற மொழிகளில் பெரும்பாலானவை ‘ஸ்கிரே’யைக் கைவிட்டுவிட்டன. ‘தெரியும்’ என்று சொல்ல இத்தாலியன், ஸ்பானிஷ், பிரெஞ்சு எல்லாம் ‘ஸாபெரே’யை எடுத்துக்கொண்டன. அன்றாடப் பேச்சில் ‘ஸ்கிரே’ உயிரோடு இருப்பது ருமேனியனிலும் சார்டீனியத் தீவின் மொழியிலும்தான். பிரெஞ்சு அறிஞர்கள் ஒரு காலத்தில் தங்கள் ‘ஸவ்வார்’ என்ற வினை ‘ஸ்கிரே’யிலிருந்து வந்தது என்று தவறாக எண்ணி, அதற்குள் தேவையில்லாத ஒரு சி-யைச் செருகி எழுதினார்கள். பிற்பாடு அதை எடுத்தும் விட்டார்கள். ஆங்கிலத்தில் கத்தரிக்கோலைக் குறிக்கும் சிஸர்ஸ் என்ற சொல்லிலும் இதேபோல வேறொரு லத்தீன் சொல்லோடு குழப்பிக்கொண்டு 16ஆம் நூற்றாண்டில் ஒரு சி நுழைந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

‘க்னோஸ்கெரே’ குடும்பத்தில் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். சமஸ்கிருதத்தின் ‘ஞா’ என்ற வேர் அதன் உடன்பிறப்பு. ஞானம், விஞ்ஞானம் இரண்டும் அதில் பிறந்தவை. ‘வி’ என்றால் தனியே, பிரித்து; ஆக விஞ்ஞானம் என்றால் பிரித்தறியும் அறிவு. இலங்கைப் பள்ளிகளில் சயின்ஸ் பாடத்தின் பெயர் விஞ்ஞானம். தமிழ்நாட்டுப் பாடநூலில் அதே பாடம் அறிவியல், நம் ‘அறி’யிலிருந்து வந்தது. எனவே பொருளில் சயின்ஸும் விஞ்ஞானமும் ஒன்றுதான் என்றாலும் வேரில் இரண்டும் வேறு வேறு. விஞ்ஞானத்துக்கு உண்மையான ஆங்கில உறவு, ‘தெரியும்’ என்று சொல்லப் பயன்படும் ‘நோ’ என்ற சாதாரணச் சொல். அதை எழுதும்போது முன்னால் கே வரும். இன்று யாரும் அதை ஒலிப்பதில்லை. 17ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலேயர்கள் அதை வாய்விட்டு ‘க்னோ’ என்றே சொல்லிவந்தார்கள்.